பிளாக் பவுடர் ரிவால்வரோட ஸ்டேட் விட்டு ஸ்டேட்: கார்லயா, ப்ளைட்லயா, பார்சல்லயா, இல்ல வீட்லயே வச்சுட்டா?

வெர்மான்ட்ல பர்லிங்டன் பக்கம் சிப் ஃபேக்டரில வேலை பாக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் 1858 ரெமிங்டன் ரெப்ளிகா ஒண்ணு வச்சிருக்கான், இத்தாலில பியெட்டா கம்பெனி செஞ்சது, .44, ஆறு குண்டு, கேப் அண்ட் பால் ரிவால்வர் (தோட்டா கிடையாது, பிளாக் பவுடர்ங்கற கருமருந்தும் ஈயக் குண்டும் தனித்தனியா கெட்டிச்சு, பின்னாடி கேப்னு பத்த வைக்கற குட்டி மூடி ஒண்ணு மாட்டிச் சுடறது). அவனுக்கு இந்தியானால ஃப்ரெண்ட்ஷிப்னு ஒரு சின்ன ஊருக்குப் போகணும் (ஊர் பேரே அதான்). 1933-ல ஆரம்பிச்ச நேஷனல் மஸில் லோடிங் ரைஃபிள் அசோசியேஷன் (வாய் வழியா கெட்டிச்சுச் சுடற துப்பாக்கிக்காரங்க சங்கம்) அங்கதான் ஜூன்ல ஒண்ணு, செப்டம்பர்ல ஒண்ணுன்னு பெரிய ஷூட் (சுடற போட்டி) நடத்தறாங்க. துப்பாக்கிய எப்படி அங்க கொண்டு சேக்கறதுன்னு கேட்டான். கார்ல வச்சு ஓட்டிட்டுப் போகலாம், ப்ளைட்ல செக்-இன் பண்ணலாம், பார்சல் போடலாம், இல்ல எதுவும் எடுக்காமப் போய் அங்க ஒண்ணு வாங்கிக்கலாம், இல்ல கடன் வாங்கிக்கலாம். நான் வக்கீல் இல்ல, இதே ஆட்டத்துல கொஞ்ச நாளா சுத்திட்டு இருக்கறவன், அவ்ளோதான். என் ஓட்டு காருக்கு, ஆனா ஒரு கண்டிஷனோட: ரிவால்வர் மட்டும் போகட்டும், பவுடரும் கேப்பும் ஒரு துளி கூட வண்டில இருக்கக் கூடாது. ஏன்னு கீழ சொல்றேன்.

மொதல்ல அடிப்படை. 1968 கன் கன்ட்ரோல் ஆக்ட்ல ஃபயர்ஆர்ம்னா என்னன்னு சொல்ற இடத்துலயே ஆன்டீக் ஃபயர்ஆர்ம் அதுல சேராதுன்னு எழுதி வச்சிருக்காங்க. 1898 இல்ல அதுக்கு முன்னாடி செஞ்ச துப்பாக்கி ஆன்டீக். அதோட நகலும் ஆன்டீக்தான், இப்போ கடைல கிடைக்கற ரிம்ஃபயர் சென்டர்ஃபயர் தோட்டாவுக்குன்னு டிசைன் பண்ணாத வரைக்கும். 1998-ல இன்னொரு பிரிவு சேத்தாங்க, பிளாக் பவுடர் போட்டு வாய் வழியா கெட்டிக்கற, தோட்டாவே போட முடியாத மஸில் லோடர் ரைஃபிள், ஷாட்கன், பிஸ்டல் எல்லாத்துக்கும். அதனாலதான் இந்த ரெமிங்டன் ரெப்ளிகா நிறைய ஸ்டேட்ல பேக்ரவுண்டு செக் இல்லாம நேரா வீட்டு வாசலுக்கே பார்சல்ல வருது. ஊர்ல நாட்டுத் துப்பாக்கிக்கே லைசென்ஸ் எடுக்கணும்னு கேட்டு வளந்த நமக்கு இதைப் பாத்தா நம்பவே முடியாது.

இந்த இடத்துலதான் பாதிப் பேர் தப்புக் கணக்கு போடறாங்க. ஃபெடரல் சட்டம் "இது துப்பாக்கியே இல்ல"ன்னு சொல்லிடுச்சு, அப்புறம் எவன் கேப்பான்னு நினைச்சுக்கறாங்க. ஃபெடரல் சட்டம் சொல்றது ஃபெடரல் சட்டத்துக்கு மட்டும்தான், ஒவ்வொரு ஸ்டேட்டும் தன் சட்டத்துல துப்பாக்கின்னா என்ன, ஆன்டீக்னா என்னன்னு தனியா எழுதி வச்சிருக்கு, ரெண்டும் ஒத்துப் போகணும்னு எந்த அவசியமும் இல்ல.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு, அதைத்தான் நான் இங்க முக்கியமா சொல்ல வந்தேன். ஸ்டேட் விட்டு ஸ்டேட் துப்பாக்கியோட போறவங்களுக்கு 1986-ல ஃபயர்ஆர்ம் ஓனர்ஸ் ப்ரொடெக்ஷன் ஆக்ட்னு ஒரு பாதுகாப்பு வந்துச்சு, ஃபோபான்னு சொல்வாங்க, சட்டப் புத்தகத்துல 18-வது டைட்டில் 926ஏ. கிளம்பற இடத்துலயும் போய்ச் சேர்ற இடத்துலயும் அந்தத் துப்பாக்கிய நீங்க சட்டப்படி வச்சுக்கலாம்னா, நடுவுல இருக்கற ஸ்டேட் என்ன சொன்னாலும் நீங்க கடந்து போகலாம், துப்பாக்கி அன்லோடடா இருக்கணும், துப்பாக்கியும் தோட்டாவும் சீட்டுல இருந்து கை நீட்டினா எட்டற இடத்துல இருக்கக் கூடாது, ட்ரங்க் தனியா இல்லாத வண்டின்னா பூட்டின பெட்டில இருக்கணும், டேஷ்போர்டு டிராயரும் நடு கன்சோலும் கணக்குல வராது. நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பிரிவு எழுதியிருக்கறது "ஃபயர்ஆர்ம்" கொண்டு போறதப் பத்தி. நம்ம ரிவால்வர் அதே சட்டத்துல ஃபயர்ஆர்ம் இல்ல! அப்போ கேடயம் நவீன கிளாக் பிஸ்டலுக்கு உண்டு, 1858 ரெப்ளிகாவுக்கு இல்லன்னு ஒரு ப்ராசிக்யூட்டர் வாதாடினா சட்ட வார்த்தை அவர் பக்கம்தான் நிக்கும். கோர்ட்ல போய் ஜெயிக்கலாம், தோக்கலாம், ஆனா ரோட்டோரத்துல ராத்திரி டார்ச் அடிச்சுட்டு நிக்கற ட்ரூப்பர் (ஸ்டேட் போலீஸ்) இதெல்லாம் யோசிக்க மாட்டாரு. அதனால என் கணக்கு என்னன்னா, ஃபோபா கண்டிஷன் அத்தனையும் எழுத்துக்கு எழுத்து கடைபிடிக்கணும், ஆனா ஃபோபா காப்பாத்தும்னு நம்பி எதையும் செய்யக் கூடாது. ஒவ்வொரு ஸ்டேட்லயும் அந்த ஸ்டேட் சட்டப்படியே சுத்தமா இருக்கணும்.

சரி, காருக்கு வருவோம். மேப்பப் பாத்தீங்கன்னா, நியூ இங்கிலாந்துல இருந்து அமெரிக்காவோட மத்த பகுதிக்கு ரோட்டுல போகணும்னா நியூயார்க்கைத் தொடாம வழியே கிடையாது. (கனடா வழியா சுத்தலாமேன்னு கேக்காதீங்க, அங்க ஹேண்ட்கன் எல்லாத்துக்கும் 2022 அக்டோபர்ல இருந்து ஃப்ரீஸ் (வாங்க, விக்க, உள்ள கொண்டு வரத் தடை) இருக்கு, இப்போ செஞ்ச ரெப்ளிகா அங்க ஆன்டீக்கும் இல்ல. பார்டர்ல ரெப்ளிகாவோட போய் நின்னா அதோட கதை முடிஞ்சது.) பர்லிங்டன்ல இருந்து ஆல்பனி, அங்கேர்ந்து த்ருவே (நியூயார்க்கோட டோல் ஹைவே) புடிச்சு சிராக்யூஸ், ராச்செஸ்டர், பஃபலோ, அப்புறம் பென்சில்வேனியாவோட அந்த மூலை ஈரி, ஒஹையோல கிளீவ்லாண்டு, கொலம்பஸ், சின்சினாட்டி, பக்கத்துல இந்தியானா. 900 மைலுக்கு மேல. கிட்டத்தட்ட பாதி நியூயார்க்தான்.

வெர்மான்ட் பிரச்சினையே இல்ல, அங்க துப்பாக்கிய கூட வச்சுட்டு வெளிய போறதுக்கு கேரி பெர்மிட்னு ஒரு சமாச்சாரமே என்னைக்கும் இருந்தது இல்ல. லேக் சாம்ப்ளைன் தாண்டினதும் உலகம் மாறுது. நியூயார்க் பீனல் லால ஆன்டீக் ஃபயர்ஆர்முக்கு விலக்கு இருக்கு, ஆனா அந்த டெஃபனிஷன ஒரு தடவை நிதானமா படிங்க: "அன்லோடடா இருக்கற" மஸில் லோடிங் பிஸ்டல் இல்ல ரிவால்வர், மேட்ச்லாக், ஃப்ளின்ட்லாக், பெர்கஷன் கேப், இல்ல அதே மாதிரி இக்னிஷன் இருக்கறது. அன்லோடடுங்கற வார்த்தை டெஃபனிஷனுக்கு உள்ளயே உக்காந்திருக்கு. லோடு ஆன நிமிஷம் அது ஆன்டீக்கே இல்ல, லைசென்ஸ் வேணும்ங்கற சாதா ஹேண்ட்கன் ஆயிடுது. அதுக்கு மேல, அதே சட்டத்துல "லோடட்"ங்கறதுக்கு குடுத்திருக்கற அர்த்தம் இன்னும் அகலமானது, துப்பாக்கிக்குள்ள குண்டு இருந்தாத்தான்னு இல்ல, துப்பாக்கியும் அதைச் சுடற தோட்டாவும் ஒரே ஆள்கிட்ட ஒரே நேரத்துல இருந்தாலே லோடட்னு சொல்லுது. பவுடர் டப்பா, கேப் டின், ஈயக் குண்டு எல்லாம் ஒரே பையில ரிவால்வர் பக்கத்துல இருந்துச்சுன்னா உங்கள எந்தக் கட்டத்துல போட்டுப் பாப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கங்க. லைசென்ஸ் இல்லாம வீட்டுக்கு வெளிய லோடட் ஹேண்ட்கன் வச்சிருந்தா அங்க கிளாஸ் சி ஃபெலனி (பெரிய குற்றம்), ஜட்ஜ் நினைச்சாலும் மூணரை வருஷத்துக்குக் கீழ எறங்கறது கஷ்டம். வேற எந்த ஸ்டேட் பெர்மிட்டையும் நியூயார்க் ஒத்துக்கறதும் இல்ல.

இதுக்குத்தான் பவுடரும் கேப்பும் வேண்டாம்னு மொதல்லயே சொன்னேன். கேப்புன்னா தீபாவளிக்கு சுடற பொட்டு வெடி மாதிரி குட்டி சமாச்சாரம்தான், சட்டைப் பாக்கெட் மூலைல ஒண்ணு கிடந்தாலும் தெரியாது, ரேஞ்ச் பேக் ஜிப்புக்குள்ள ரெண்டு மாட்டிக்கிட்டிருக்கும். அதனால கிளம்பறதுக்கு முந்தின நாள் பைய தலைகீழா கவுத்து உதறணும். பவுடர் கெட்டிக்க வச்சிருக்கற ஃப்ளாஸ்க்ல அடில ஒட்டின பவுடரையும் காலி பண்ணிக் கழுவணும், முடிஞ்சா ஃப்ளாஸ்க்கையே வீட்டுல வச்சுட்டு அங்க கடன் வாங்கிக்கலாம்.

பேக்கிங்ல ஒண்ணு மட்டும் விலாவரியா சொல்றேன். 1858 ரெமிங்டன்ல சிலிண்டர வெளிய எடுக்கறது ரொம்ப ஈசி: ஹாஃப் காக்ல வச்சு, லோடிங் லீவர கீழ எறக்கி, பேஸ் பின்ன முன்னாடி இழுத்தா சிலிண்டர் பக்கவாட்டுல உருண்டு கைல வந்துடும். (கோல்ட் மாடல் வச்சிருக்கறவங்க வெட்ஜ தட்டி பேரல கழட்டணும், கொஞ்சம் மெனக்கெடணும்.) சிலிண்டர வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு முன்பக்கமா பாத்தா ஒவ்வொரு சேம்பர் அடிலயும் நிப்பிளோட ஓட்டை வழியா ஊசி முனை அளவு வெளிச்சம் தெரியும். ஆறுலயும் தெரிஞ்சா ஆறும் காலி, அதை யாருக்கு வேணும்னாலும் காட்டலாம், எந்த விவாதமும் இல்ல. சிலிண்டர தனித் துணில சுத்தி தனிப் பெட்டில பூட்டி, ஃப்ரேம இன்னொரு பெட்டில பூட்டி, ரெண்டையும் ட்ரங்க்ல வச்சா அது ஓடாத துப்பாக்கி. எஸ்யூவி வச்சிருக்கறவங்களுக்கு ட்ரங்க் தனியா இல்ல, அவங்களுக்கு பூட்டின பெட்டி ஆப்ஷன் இல்ல, கட்டாயம்.

இன்னொரு விஷயம், கன்வெர்ஷன் சிலிண்டர். .45 கோல்ட் தோட்டா போடற மாதிரி கிர்ஸ்ட், ஹவல்னு சில பேர் தனி சிலிண்டர் விக்கறாங்க, பழைய ரிவால்வர்ல மாட்டினா நிமிஷத்துல தோட்டா துப்பாக்கி ஆயிடும். அது மாட்டியிருக்கற நேரத்துல ஃபெடரல் சட்டத்துலயே அது ஆன்டீக் இல்ல. மாட்டாம கூட பெட்டில வச்சிருந்தாலும் தேவையில்லாத கேள்வி வரும். வீட்டுலயே விட்டுடுங்க. அதே மாதிரி கேப்புக்கு பதிலா 209 ஷாட்கன் ப்ரைமர் போட்டுப் பத்த வைக்கற இன்லைன் (நவீன வகை) மஸில் லோடர் பிஸ்டல் வச்சிருக்கறவங்க, ஃபெடரல்ல நீங்க ஓகே, ஆனா நியூயார்க் டெஃபனிஷன்ல "அதே மாதிரி இக்னிஷன்"ங்கற வார்த்தைக்குள்ள 209 வருமாங்கறத உங்க கேஸ்லதான் டெஸ்ட் பண்ணிப் பாப்பாங்க. அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

தூங்கற இடம் முக்கியம். கடந்து போறவன்ங்கற அந்தஸ்து பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் நிக்கற வரைக்கும் தாங்கும், ஹோட்டல்ல ரூம் போட்டு பெட்டிய ரூமுக்கு எடுத்துட்டுப் போனா ஆட்டம் மாறிடும். பர்லிங்டன்ல இருந்து ஈரி 500 மைல் சொச்சம், காலைல 5 மணிக்குக் கிளம்பினா மதியம் மூணு மணிவாக்குல நியூயார்க்க விட்டு வெளிய வந்துடலாம். ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டினா இன்னும் நல்லது. படுக்கறத ஈரிலயோ ஒஹையோலயோ வச்சுக்கங்க. நயாகரா பாத்துட்டுப் போலாமேன்னு வீட்டுல சொல்வாங்க, இந்த ட்ரிப்ல வேண்டாம்.

பென்சில்வேனியால வண்டி ஓட்டறது ஒரு மணி நேரம் கூட இருக்காது, ஆனா அங்கயும் ஒரு நெளிவு இருக்கு. ஆன்டீக்குக்கும் ரெப்ளிகாவுக்கும் விலக்கு உண்டு, ஆனா மறைச்சு வச்சுக் கொண்டு போற விஷயத்துல அந்த விலக்கு செல்லாதுன்னு அதே செக்ஷன்லயே போட்டிருக்கு. நல்ல வேளையா டார்கெட் ஷூட்டிங்குக்குப் போறவங்க, வர்றவங்க, துப்பாக்கி லோடு ஆகாம இருந்தா அவங்களுக்குத் தனி விதிவிலக்கு இருக்கு. அதனால ஷூட்டுக்கு ரெஜிஸ்டர் பண்ண பேப்பர பிரிண்ட் எடுத்து கையோட வைங்க, போன்ல இருக்குன்னு நினைக்காதீங்க, சார்ஜ் போயிடும்.

ஒஹையோ கதை எனக்குப் புடிக்கும். அங்க சட்டத்துல மஸில் லோடருக்குன்னே அன்லோடட்னா என்னன்னு எழுதி வச்சிருக்காங்க, கேப்ப எடுத்துட்டாலே, இல்ல ஃப்ளின்ட்லாக்னா பேன்ல இருக்கற ப்ரைமிங் பவுடர எடுத்துட்டாலே அன்லோடட், உள்ள பவுடரும் குண்டும் கெட்டிச்சு இருந்தாலும் பரவால்ல. வேட்டைக்காரங்களுக்கு நியாயமான சட்டம், ஏன்னா மஸில் லோடர சுடாம காலி பண்றது பெரும் பாடு. ஆனா இதைப் படிச்சுட்டு "அப்போ கேப் மட்டும் எடுத்துட்டா போதும்"னு நியூயார்க்குக்குள்ள போனீங்கன்னா தொலைஞ்சீங்க. ஒரே சிலிண்டர், ஒரு ஸ்டேட்ல காலி, பக்கத்து ஸ்டேட்ல லோடட். ஆறு சேம்பரும் உண்மையாவே காலியா இருந்தாத்தான் எல்லா ஊர்லயும் காலி. ஒஹையோவும் (21 வயசு) இந்தியானாவும் (18 வயசு) 2022-ல இருந்து பெர்மிட் இல்லாம கேரி பண்ற ஸ்டேட் ஆயிடுச்சு, அங்க பெருசா எதுவும் சொல்ல இல்ல.

பவுடர் விஷயம் தனியா ரெண்டு வரி. துப்பாக்கிய விட பவுடருக்குத்தான் சட்டம் அதிகம்னு நிறைய பேருக்குத் தெரியாது, பிளாக் பவுடர் ஃபெடரல் சட்டத்துல வெடிபொருள். ஆன்டீக் துப்பாக்கில விளையாட்டுக்கோ பொழுதுபோக்குக்கோ கலாச்சார நிகழ்ச்சிக்கோ யூஸ் பண்றதுக்குன்னா 50 பவுண்டு வரைக்கும் பெர்மிட் இல்லாம வச்சுக்கலாம்னு விலக்கு குடுத்திருக்காங்க, ஒரு பவுண்டுலயே .44-க்கு 30 கிரெயின் (குட்டி எடை அளவு) வீதம் 230 ஷாட்டுக்கு மேல வரும், அதனால 50 பவுண்டெல்லாம் யாருக்கும் தேவைப்படாது. ஃப்ரெண்ட்ஷிப்ல ஷூட் சமயத்துல கடை வீதியே போடறாங்க, பவுடர், கேப், ஈயக் குண்டு எல்லாம் அங்கயே வாங்கலாம். உங்க பிராண்டு கிடைக்காமப் போகலாம், வேற பவுடர்னா ரிவால்வர் கொஞ்சம் மேலயோ கீழயோ அடிக்கும், முதல் நாள் ப்ராக்டிஸ்ல சரி பண்ணிக்கணும். இந்த ஆப்ஷனோட நிஜமான நஷ்டம் இது ஒண்ணுதான்.

இப்போ ப்ளைட். பாக்க ரொம்ப சுத்தமா இருக்கும்: அன்லோடடா, ஹார்டு கேஸ்ல, பூட்டி, சாவி உங்ககிட்ட மட்டும், செக்-இன் கவுண்டர்ல டிக்ளேர் பண்ணிக் குடுக்கணும். ஏர்போர்ட் செக்கிங் பாக்கற டிஎஸ்ஏ ஆன்டீக்கு, சாதாங்கற வித்தியாசமெல்லாம் பாக்கறதில்ல, எல்லாம் ஒரே ரூல்தான். பிளாக் பவுடரும் பெர்கஷன் கேப்பும் கேபின்லயும் கூடாது, செக்டு பேகேஜ்லயும் கூடாது, பைரோடெக்ஸ் மாதிரி மாத்துப் பவுடரும் அதே கதிதான், ஈயக் குண்டு மட்டும் போலாம். துப்பாக்கிய வெந்நீர் சோப்பு போட்டு நல்லா கழுவி எண்ணெய் தடவி எடுத்துட்டுப் போங்க, கந்தக வாசனையோட ஸ்வாப் டெஸ்ட்டுக்கு குடுத்தா உங்க ப்ளைட் போயிட்டுத்தான் இருக்கும், நீங்க அங்கயே இருப்பீங்க. அந்தந்த ஏர்லைனோட ரூலையும் தனியா பாருங்க.

சின்சினாட்டி ஏர்போர்ட் நிஜத்துல ஒஹையோ ஆத்துக்கு அந்தப் பக்கம் கென்டக்கில இருக்கு, அங்க தொந்தரவு இல்ல. தொந்தரவு நடுவுல. பர்லிங்டன் சின்ன ஏர்போர்ட், எங்கயாவது மாறித்தான் போகணும், டிக்கெட் தேடினா நியூ ஜெர்சில இருக்கற நியூவார்க் வழியா மலிவா ஒண்ணு கண்ணுல படும். படக் கூடாது. 2005-ல யூட்டாக்காரர் ஒருத்தர் பென்சில்வேனியாவுக்குப் போற வழியில நியூவார்க்ல கனெக்ஷன விட்டுட்டாரு, பெட்டி கைக்கு வந்துடுச்சு, ஏர்போர்ட் ஹோட்டல்ல ராத்திரி தங்கினாரு, காலைல கவுண்டர்ல போய் ரூல் படி துப்பாக்கிய டிக்ளேர் பண்ணினாரு, கைது பண்ணி ஜெயில்ல சில நாள் வச்சுட்டாங்க. கேஸ அப்புறம் விட்டுட்டாங்க, ஆனா அவர் திருப்பிப் போட்ட வழக்குல 2010-ல மூணாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, ஹோட்டல்ல பெட்டி உங்க கைக்கு எட்டற இடத்துல இருந்துச்சு, அதனால ஃபோபா உங்களுக்கு இல்ல. அவர்கிட்ட இருந்தது சாதா துப்பாக்கி, ஃபோபா சந்தேகமில்லாம பொருந்தற வகை. அவருக்கே அப்படின்னா நம்ம ரெப்ளிகாவுக்கு என்ன கதின்னு பாத்துக்கங்க.

அதனால ப்ளைட்னா என் ரூல்: நியூ ஜெர்சி, நியூயார்க் ஏர்போர்ட் எதுலயும் கனெக்ஷன் வேண்டாம். சிகாகோ, டெட்ராய்ட், சார்லட் பாருங்க. (இல்லினாய்ஸ்ல குடியிருக்கறவங்களுக்கு பிளாக் பவுடர் துப்பாக்கிக்கும் ஃபாய்டு கார்டு (துப்பாக்கி வச்சுக்க ஸ்டேட் குடுக்கற அட்டை) வேணும், வெளியூர்க்காரங்களுக்கு அன்லோடடா கேஸ்ல மூடி இருந்தா விலக்கு.) புயல் கியல்னு ப்ளைட்ட திருப்பி விட்டு நியூவார்க்ல எறக்கிட்டாங்கன்னா பெட்டிய கையில வாங்கவே வாங்காதீங்க, ஏர்லைனே வச்சுக்கட்டும்னு சொல்லுங்க, பல்லு விளக்காம ஒரு ராத்திரி இருந்தா ஒண்ணும் குடி முழுகாது. கைல திணிச்சுட்டாங்கன்னா ஏர்போர்ட்ல இருக்கற போர்ட் அத்தாரிட்டி போலீஸ்கிட்ட போய் விஷயத்தச் சொல்லி ராத்திரிக்கு வச்சுக்கச் சொல்லணும், கோர்ட்டும் அந்த வழியத்தான் காட்டுச்சு.

நியூ ஜெர்சியப் பத்தி ஏன் இவ்ளோ பயப்படறேன்னா, அந்த ஸ்டேட் சட்டத்துல ஆன்டீக் ஃபயர்ஆர்ம்ங்கற டெஃபனிஷன்ல ரைஃபிளும் ஷாட்கன்னும்தான் இருக்கு, பீரங்கிக்குக் கூட தனியா ஒண்ணு இருக்கு, கைத்துப்பாக்கி இல்ல! 2014 நவம்பர்ல அங்க கம்பர்லாண்டு கவுன்டில 72 வயசு ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் போன கார போலீஸ் நிறுத்தினாங்க, டேஷ்போர்டு டிராயர்ல துணில சுத்தி ஒரு ஃப்ளின்ட்லாக் பிஸ்டல் இருந்துச்சு, பதினெட்டாம் நூற்றாண்டு சாமான், லோடு ஆகல, அவரே வாயத் திறந்து சொன்னாரு. கேஸ் போட்டுட்டாங்க, 10 வருஷம் வரைக்கும் போகக் கூடிய கேஸ், பென்ஷனும் போயிருக்கும். நாடு முழுக்க சத்தம் கிளம்பினப்புறம் 2015 பிப்ரவரில ப்ராசிக்யூட்டர் கேஸ கைவிட்டாரு. சத்தம் கிளம்பலன்னா?

இந்தியானாவுக்கு பதிலா வர்ஜீனியா பக்கம் போறவங்களும் இருக்காங்க, வின்செஸ்டர் பக்கத்துல ஃபோர்ட் ஷெனன்டோவால நார்த்-சவுத் ஸ்கர்மிஷ் அசோசியேஷன் உள்நாட்டுப் போர் கால துப்பாக்கில டீம் மேட்ச் நடத்தறாங்க. ஜிபிஎஸ் உங்கள நேரா நியூ ஜெர்சி டர்ன்பைக், டெலவேர், பால்டிமோர், வாஷிங்டன்னு கூட்டிட்டுப் போகப் பாக்கும். கேக்காதீங்க. ஆல்பனில இருந்து ஐ-88 புடிச்சு பிங்ஹாம்டன், அங்கேர்ந்து ஐ-81 ஒரே நூல், ஸ்க்ரான்டன், ஹாரிஸ்பர்க், மேரிலாண்டு கொஞ்சூண்டு, வெஸ்ட் வர்ஜீனியா கொஞ்சூண்டு, வின்செஸ்டர். மலை ரோடு, லாரி கூட்டம், ஆனா நியூ ஜெர்சியும் இல்ல, டி.சி-யும் இல்ல. டி.சி-ல மஸில் லோடருக்குப் போடற, பிளாஸ்டிக் உறை (சேபட்) மாட்டின குண்டு, பவுடரும் இல்ல ப்ரைமரும் இல்ல, அது வீட்டுல இருந்ததுக்கே ஒருத்தர் 2014-ல கோர்ட் கூண்டுல நிக்க வேண்டி வந்துச்சு.

பார்சல் ஆப்ஷன் காகிதத்துல ரொம்ப அழகு. ஃபெடரல் சட்டத்துல ஃபயர்ஆர்ம் இல்லாததால டீலர் வழியா அனுப்பணும்னு இல்ல, இந்தியானால இருக்கற ஃப்ரெண்டு அட்ரஸுக்கு நேரா அனுப்பலாம், நடுவுல நியூயார்க் ட்ரூப்பரும் இல்ல, நியூவார்க் கவுண்டரும் இல்ல. ஆனா சட்டம் விட்டாலும் கொரியர் கம்பெனி விடணும். பெரிய தனியார் கம்பெனிங்க லைசென்ஸ் இருக்கறவங்ககிட்ட மட்டும்தான் துப்பாக்கி பார்சல் வாங்கறது, கவுண்டர்ல இருக்கற பையனுக்கு ஆன்டீக் ரெப்ளிகான்னு நீங்க விளக்கி முடிக்கறதுக்குள்ள மேனேஜர் வந்துடுவாரு. போஸ்ட் ஆபீஸ் ஹேண்ட்கன் வாங்காது, ஆன்டீக்க கலைப்பொருளா அனுப்பினா விலக்கு உண்டு, நீங்க அனுப்பறது நாளைக்கு மேட்ச்ல சுடறதுக்கு. எதுவும் சொல்லாம "மெஷின் பார்ட்ஸ்"னு எழுதி அனுப்பறவங்களும் இருக்காங்க, அதை நான் செய்ய மாட்டேன், தொலைஞ்சா இன்ஷூரன்ஸ் கூட கேக்க முடியாது. பவுடர எப்பவுமே போஸ்ட்ல அனுப்ப முடியாது. பழக்கமான கன் ஷாப் ஒண்ணு அவங்க அக்கவுண்ட்ல அனுப்பித் தர்றாங்கன்னா, காசு போனாலும் பரவால்ல, கார்ல 15 மணி நேரம் ஓட்ட முடியாதவங்களுக்கு இது ரெண்டாவது நல்ல வழி. ரயில்னா, செக்டு பேகேஜ் இருக்கற ஆம்ட்ராக் ட்ரெயின்ல மட்டும், 24 மணி நேரம் முன்னாடி சொல்லி வைக்கணும், வெர்மான்ட் பக்கத்துல இருந்து அது ஒத்து வராது, விடுங்க.

கடைசியா வெறுங்கையோட போறது. முதல் தடவை போறவங்களுக்கு இதைத்தான் சொல்வேன். பிளாக் பவுடர்காரங்க தாராளமான ஜனம், லைன்ல நின்னு ஆர்வமா ரெண்டு கேள்வி கேட்டீங்கன்னா தன்னோட ரிவால்வரையே கைல குடுத்து சுடுங்கன்னு சொல்லுவாங்க. ஸ்கோருக்குன்னு போறவங்களுக்கு மட்டும் இது செட் ஆகாது, சைட்ட ஃபைல் போட்டு தேச்சு தன் கண்ணுக்கு ஏத்த மாதிரி வச்சிருப்பாங்க, அடுத்தவன் துப்பாக்கில அந்தக் கை வராது. அங்க புதுசா 300-400 டாலருக்கு ஒண்ணு வாங்கிடலாமேன்னா, தாராளமா, ஆனா அதைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு வரணும்ல, அதே நியூயார்க் வழியா.

எச்-1பி, எஃப்-1 விசால இருக்கறவங்க நிறைய பேர் கேக்கறாங்க. விசா ஆளுங்க துப்பாக்கி வச்சுக்கக் கூடாதுங்கற ஃபெடரல் தடை ஃபயர்ஆர்முக்கு, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கும் இருக்கு. ஆன்டீக் அந்தத் தடைக்குள்ளயே வர்றதில்ல, அதனாலதான் இந்தப் பொழுதுபோக்குல நம்மாளுங்க தலை தெரியுது. ஆனா சிட்டிசனுக்கு ஒரு அரெஸ்ட்னா வக்கீல் செலவு, கேஸ் தள்ளுபடி ஆனா முடிஞ்சது. விசால இருக்கறவனுக்கு கேஸ் தள்ளுபடி ஆனாலும் அடுத்த ஸ்டாம்பிங்ல கான்சுலேட் ஆபீசர் அந்தக் கைதப் பத்திக் கேப்பாரு. அந்த நெலமைல இருக்கறவங்க நியூயார்க்க துப்பாக்கியோட கடக்கவே வேண்டாம்ங்கறது என் கருத்து. வெறுங்கையோட போங்க, அங்க சுடுங்க. கிரீன் கார்டு வந்ததும் கார்ல எடுத்துட்டுப் போகலாம்.

என் ஃப்ரெண்டுக்கு கிரீன் கார்டு இருக்கு, கார்தான் சொன்னேன். அவன் கேட்ட அடுத்த கேள்வி நல்ல கேள்வி, திரும்பி வரும்போது? போகும்போது எல்லாரும் ஜாக்கிரதையாத்தான் இருப்பாங்க, வரும்போது அரை டப்பா பவுடர் மிச்சம், ஒரு டின் கேப் மிச்சம், 2020-க்கு அப்புறம் கேப் தட்டுப்பாட்டப் பாத்தவங்களுக்கு அதைத் தூக்கிக் குடுக்க மனசே வராது. ஞாயித்துக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டையும் பக்கத்து டென்ட் ஆளுக்குக் குடுத்துடுங்க, அடுத்த தடவை அவர் உங்களுக்குக் குடுப்பாரு. துப்பாக்கிய அங்கயே வெந்நீர்ல கழுவிடுங்க, பேன்ட் பாக்கெட், ஷூட்டிங் பை, கேப்பர் (கேப் மாட்டற கருவி), கார் சீட்டு இடுக்கு எல்லாம் தடவிப் பாத்துட்டு, சிலிண்டர இன்னொரு தடவை வெளிச்சத்துல புடிச்சு ஆறு புள்ளியும் எண்ணிட்டு ட்ரங்க்ல பூட்டுங்க. ராத்திரி ஈரில தங்கிட்டு, விடியக்காலைல கிளம்பி நியூயார்க்க பகல்லயே தாண்டிடுங்க.